அளவுத் தாளும் பத்துக் கீறல்களும்

“விஷப் பொருள் சேர்ந்த கலவை மருந்தை, ஒவ்வொரு முறையும் மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்து எழுதிய சீட்டின் பேரில், அந்த நோயாளிக்கு மட்டுமே வழங்க வேண்டும்.”

எங்கள் மருந்தகக் கையேட்டில் இருந்த விதி இது. உட்பிரிவும் கிடையாது, விலக்கும் கிடையாது. அதனால் சந்தேகத்துக்கும் இடம் கிடையாது. மனப்பாடமாகச் சொல்லக்கூடிய விதிகளில் எனக்கு இதுதான் முதலாவது. மீறிய விதிகளிலும் இதுதான் முதலாவது.

சின்னக் குழந்தைகளுக்கு இருமல் மருந்து கொடுப்பதைப் பற்றி இப்போது சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக வருகிறது. சங்க மலருக்கு அதைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி இப்போது வேலையில் இருக்கும் மருந்தாளுநர்கள் கேட்டார்கள். “உங்க காலத்துல இந்தப் பிரச்சினையெல்லாம் இருந்திருக்காதே மேடம்” என்று ஒருவர் சொன்னார். அதற்காகவே எழுதுகிறேன்.

என் அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். தாளைக் கோணலாக மடித்தால்கூடப் பாவம் என்று நினைக்கும் வீடு. மதுரையிலேயே மருந்தாளுநர் படிப்பு, தேறினேன், வேலை வந்தது. நகரத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிறிய அரசு மருந்தகம். வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். என் பெயர் எஸ்தர் என்று வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு நான் கம்பவுண்டரம்மா.

அப்போது இருமல் மருந்து சீல் வைத்த பாட்டிலில் வராது. நாங்களே கலப்போம். பெரிய கண்ணாடி ஜாடி நிறைய, பழுப்பு நிறத்தில், சோம்பும் கற்பூரமும் சேர்ந்த வாசனையோடு இருக்கும். வறட்டு இருமலை அடக்க அதில் அபின் டிஞ்சரும் உண்டு. பெரியவர்களுக்கு அளவோடு கொடுத்தால் இருமல் அடங்கும், தூக்கம் வரும். அளவு மீறினால் மூச்சும் அடங்கும். குழந்தைக்கு எது அளவு என்ற கேள்வியே கிடையாது. குழந்தைக்கு அது ஆகாது.

பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். அரசாங்கம் மருந்து தரும், பாட்டில் தராது. வீட்டில் அளவுக் கரண்டியும் இருக்காது. அதனால் அளவுத் தாள் ஒட்டுவோம். விரல் அகலத் தாளைப் பாட்டிலில் மருந்து நிற்கும் உயரத்துக்கு வெட்டி, எத்தனை வேளையோ அத்தனையாக மடித்து, மடிப்பின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்ன முக்கோணம் வெட்ட வேண்டும். விரித்தால் பல் பல்லாக இருக்கும். பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்வரை ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

பாட்டிலைக் கையில் வாங்கிய பிறகே தாளை வெட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். ஆனால் வருகிற பாட்டில்களில் பெரும்பாலானவை ஒரே வகைத் தட்டைப் பாட்டில்கள். காலையில் வந்ததும் நூறு தாள்களை ஒரே அளவில் வெட்டி டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன். மருந்தையும் அளவுக் குவளையில் ஊற்றி அளக்காமல், ஒட்டிய தாளின் தலைவரைக்கும் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். வரிசை வேகமாக நகரும். பெரிய டாக்டர் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, “எஸ்தரம்மா கை மெஷின் மாதிரி” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் என்றால் பெரியவர் அல்ல, இருந்தது ஒரே டாக்டர். சதாசிவம். மெதுவாகப் பேசுவார், யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார், பச்சை மையில் எழுதுவார். மூச்சுத்திணறலுக்கு நரம்பில் போடும் ஊசியை அவரே போடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு, முழுசாகப் பத்து நிமிடம், துளித்துளியாக ஏற்றுவார். “அவசரப்பட்டா நெஞ்சு நின்னுரும்மா” என்பார். ஊசிக்கு அவ்வளவு பொறுமை காட்டியவர், பழைய நோயாளிகளின் சீட்டில் மட்டும் ஒரே வார்த்தை எழுதுவார்: ரிப்பீட். அந்தச் சீட்டு வைத்திருப்பவர் டாக்டர் அறைக்குப் போக வேண்டியதில்லை. நேரே என் ஜன்னலுக்கு வரலாம்.

மாராயி அப்படித்தான் வந்தாள், செவ்வாய்க்கிழமை தோறும், இரண்டு வருடம்.

நாற்பது வயதிருக்கும். கப்பலூர்ப் பக்கம் பஞ்சுக் கழிவு பிரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கத் தொடங்கியதும், அங்கே வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார்களாம். வரிசையில் அவள் எங்கே நிற்கிறாள் என்று தலையைத் தூக்காமலே சொல்வேன். முதலில் இருமல் வரும். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் விசிலாக மாறி, அடைத்து நிற்கும். பிறகு ஆள் வருவாள்.

முதல் நாளே விதிப்படி எச்சரித்திருக்கிறேன். “ஒரு பல்லுக்கு மேல குடிக்கக் கூடாது. குடிச்சா தூக்கம் வரும், பாத்துக்க.”

“தூக்கம் வருமா?” என்று கேட்டாள்.

“நல்லா வரும்.”

தலையாட்டிவிட்டுப் போனாள். எச்சரிக்கை வழங்கப்பட்டது. அந்தக் கடமை முடிந்தது.

எழுபத்தொன்பதாம் வருடம் கார்த்திகையில் பழைய பாட்டில் உடைந்துபோச்சு என்று வேறு ஒன்று கொண்டுவந்தாள். பச்சை நிறம், தடித்த, வயிறு பெருத்த பாட்டில். டப்பாவிலிருந்து தாளை எடுத்தேன், ஒட்டினேன், தாளின் தலை வரைக்கும் ஊற்றினேன். இதை எழுதும்போதுகூட என் கை அந்த அசைவைத் தானாகச் செய்து பார்க்கிறது.

தை மாதம், பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை. அன்று கூட்டம் குறைவு. மாராயியின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தபோது, தாளின் பற்களுக்கு நடுவே கண்ணாடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஆணியால் கீறியவை, மயிரிழை கனம். எண்ணினேன். இரண்டு பல்லுக்கு நடுவில் பத்து. எல்லா இடைவெளியிலும் பத்து. ஒவ்வொரு பத்தாவது கீறலின் குறுக்கேயும் இன்னொரு கீறல், தப்பான கணக்கை அடித்த மாதிரி.

“இது என்ன மாராயி?”

“அது சும்மா கம்பவுண்டரம்மா. அடையாளம்.” சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம்.

அவள் இருமி முடிக்கும் வரை காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அபின் கலந்த மருந்து குடிக்கிறவள் இப்படி இருமவே முடியாது. இந்த மருந்து இவள் தொண்டையில் ஒரு துளிகூட இறங்கவில்லை.

குடிகாரர்களுக்கு விற்கிறாள் என்று முடிவு கட்டினேன். பத்துப் பேருக்குப் பங்கு போடுகிறாள், ஒருவன் விலகிவிட்டான். கணக்கு அழகாக ஒத்துப்போனது. மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிவைத்து, அடுத்த பஸ்ஸில் ஏறினேன். திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற உற்சாகம் எனக்கு இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

தொழிற்சாலைக்குப் பின்புறம், கருவேலங்காட்டை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை. காவலாளி கை காட்டினான். உச்சி வெயில். நெடுஞ்சாலையில் போகும் லாரிச் சத்தமும் உள்ளே மெஷின் ஓடும் சத்தமும் கேட்டன. நடக்க நடக்க எனக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. என்ன என்று கொட்டகை வாசலுக்கு வந்த பிறகே புரிந்தது. பிள்ளைகள் இருக்கும் இடம் இது. ஒரு சிணுங்கல்கூட இல்லை.

உள்ளே குறுக்குக் கம்பில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றையும் அடியில் ஒரே கயிற்றால் பிணைத்து, கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு மாராயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டினால் எல்லாத் தொட்டிலும் ஒரு பக்கம் போயின. மடக்கினால் எல்லாம் திரும்பின. பத்துத் தொட்டில். கடைசித் தொட்டில் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக ஆடியது. எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

“வாங்கம்மா” என்றாள் மெதுவாக. பயப்படவில்லை. “சத்தம் போடாதீக. இப்பத்தான் தூங்குதுக.”

“இதுல யாரு?”

“அது பேச்சி பிள்ளைக்குள்ளது. கார்த்திகையில போயிருச்சும்மா. எட்டு மாசம். தூக்கத்துலயே போயிருச்சு, நோவு நொடி ஒண்ணுமில்ல. தொட்டில அவுத்தா கயிறு ஒரு பக்கமா இழுக்குது. அதான் அப்பிடியே விட்டுட்டேன்.”

காலை மடக்கினாள். பத்தும் திரும்பி வந்தன.

பாட்டில் அவள் பக்கத்தில் இருந்தது. அன்று காலை நான் ஊற்றிக் கொடுத்ததில் ஏறக்குறைய ஒரு பல் அளவு குறைந்திருந்தது. அவளே சொன்னாள்.

“நான் இருமுனா பிள்ளைக முழிச்சுக்கிடுதுகம்மா. ஒண்ணு அழுதா அம்புட்டும் அழுகும். மருந்த நான் குடிக்கலாம்னா, தூக்கம் வரும்னு நீங்கதான சொன்னீக. நான் தூங்கிட்டா பிள்ளைகள யாரு பாக்குறது? அதான் அதுகளுக்குக் குடுத்துட்டேன். எனக்குள்ள ஒரு வேளைய பத்தாப் பங்கு வச்சு, ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாம. நீங்க ஒட்டுற தாள வச்சுத்தான் கீறுனேன்.”

நான் பாட்டிலைப் பார்த்தேன். தட்டைப் பாட்டிலுக்கு வெட்டிய தாள், வயிறு பெருத்த பாட்டிலில். ஒரு பல்லுக்கு நடுவில் இருந்தது ஒரு வேளை மருந்தல்ல. ஏறக்குறைய இரண்டு வேளை. அவள் பங்கு போட்டதில் பிழை இல்லை. கார்த்திகையிலிருந்து பிழை தாளில் இருந்தது.

ஒவ்வொரு தொட்டிலாகச் சேலையை விலக்கிப் பார்த்தேன். முகங்கள் அமைதியாக இருந்தன, அந்த வயதுக்கு ஆகாத அமைதி. இமையைத் தூக்கினால் கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. நான்காவது தொட்டிலில் ஒரு பெண் குழந்தை, மூக்கில் சளி காய்ந்திருந்தது, உதடு நாவல்பழத் தோல் நிறம். கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு எட்டு. அந்த வயதில் முப்பதுக்குக் குறையக் கூடாது. எட்டாவது மூச்சுக்கும் ஒன்பதாவது மூச்சுக்கும் நடுவே இருந்த நேரத்தில் மாராயியின் கால் இரண்டு முறை நீண்டு மடங்கியது.

“கால எடு” என்றேன். “தூக்கு எல்லாத்தையும். எழுப்பு. அழ வை.”

“எதுக்கும்மா?”

“தூக்குடி.”

வேலையில் நான் ஒருவரை ‘டி’ போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

தொழிற்சாலையின் சரக்கு வண்டியில் அந்தக் குழந்தையோடு மருந்தகம் வந்து சேரும் வரை அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தேன். சுண்டினால் ஒரு மூச்சு. நிறுத்தினால் மூச்சு இல்லை. திருமங்கலம் சாலையில் ஒரு மாட்டு வண்டிக்காக வேகம் குறைத்தபோது என் விரல் மரத்துப்போய், அடுத்த கைக்கு மாற்றினேன். பெரிய டாக்டர் குழந்தையின் முகத்தில் ரப்பர் மூடியை வைத்து, காற்றுப் பையைப் பிசைந்தார். கைக்கடிகாரம் மேஜையில் இருந்தது. ஊசி போடும்போது இருக்கும் அதே முகம், அதே நிதானம். நாற்பது நிமிடம் கழித்து அது மூக்கைச் சுளித்தது, பிறகு அழுதது. அதன் பிறகுதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அது பிழைத்துக்கொண்டது. மற்ற எட்டையும் டாக்டரே போய்ப் பார்த்தார். சாயங்காலச் சங்கு ஊதும்போது எல்லாம் அழுதுகொண்டிருந்தன.

மறுநாள் மாராயியை டாக்டர் அறைக்குள் உட்கார வைத்தோம். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கப்பட்டது. ஆஸ்துமா. “இந்த மருந்த நீங்க குடிக்காததுதான் நல்லதாப் போச்சும்மா” என்றார் டாக்டர். “இளைப்புக்காரங்களுக்கு இது ஆகாது. மூச்ச இன்னும் அமுக்கியிருக்கும்.” பிறகு பத்து நிமிடம் அந்த ஊசியைப் போட்டார். பாதியில் அவள் விசில் சத்தம் நின்றது. “கம்மா கரையில நிக்கிற மாதிரி காத்து வருதும்மா” என்றாள் என்னைப் பார்த்து. நான் பதிவேட்டில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று மாலையே மருத்துவத் துறை இயக்ககத்துக்குக் கடிதம் எழுதினேன். அபின் டிஞ்சரை இருமல் மருந்திலிருந்து பிரித்துத் தனியே பூட்டி வைக்க வேண்டும். ரிப்பீட் சீட்டு முறையை நிறுத்த வேண்டும். அளவுத் தாளை முன்கூட்டி வெட்டக் கூடாது என்று ஆணை வேண்டும். கடைசிப் பத்தி: “கார்த்திகை மாதம், எட்டு மாதப் பெண் குழந்தை முத்துமாரி இறந்ததற்கு, என் கையால் ஒட்டிய தாளின் அளவுப் பிழை காரணமாக இருக்கலாம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.”

டாக்டர் இரண்டு முறை படித்தார். பச்சை மையால் கடைசிப் பத்தியை அடித்தார். நேர்கோடு, அடிக்கோல் வைத்து.

“இது எதுக்கும்மா? போஸ்ட்மார்ட்டம் இல்ல, ஒண்ணும் இல்ல. ‘இருக்கலாம்’னு எழுதி உங்க வேலைய நீங்களே ஏன் போக்கிக்கிறீங்க?”

“பிள்ளை செத்திருக்கு சார்.”

“ரிப்பீட்டுன்னு எழுதுன கை என்னோடது. நான் எழுதலையே அதை.” கொஞ்சநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். “மத்ததெல்லாம் இருக்கட்டும். அதுவே போதும்.”

திருத்தியபடி நான்தான் மறுபடி தட்டச்சு செய்தேன். யாரும் என் கையைப் பிடித்துத் தட்டவில்லை.

முத்துமாரியின் தாய் பேச்சியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அடுத்த வாரம் தலைவலி மாத்திரைக்கு வந்தவளை உள்ளே கூப்பிட்டு, பாட்டிலையும் தாளையும் காட்டிச் சொன்னேன். இருபத்திரண்டு வயது. முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது. முழுக்கக் கேட்டாள்.

“வலிச்சிருக்குமாம்மா?”

“இல்ல.”

“தூக்கமாவே தெரிஞ்சிருக்கும்?”

“ஆமா.”

முந்தானையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். “மேல எழுதிப் போட்டீகளா?”

“போட்டிருக்கேன்.”

“எம்பிள்ள பேரு போட்டு எழுதுனீகளா?”

ஆமாம் என்றேன். முதல் வரைவில் இருந்தது. அந்த அளவுக்கு அது உண்மை.

பதில் வரும் வரை சும்மா இருக்கவில்லை. டிஞ்சர் அலமாரிக்குள் போனது, சாவி என் இடுப்புக்கு வந்தது. தாள் டப்பாவை எரித்தேன். ரிப்பீட் சீட்டு வந்தால் டாக்டர் அறைக்கே திருப்பி அனுப்பினேன். அவரும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து எழுதினார். வரிசை சாலை வரை நின்றது. “கம்பவுண்டரம்மாவுக்குக் கை விளங்காமப் போச்சு” என்று பேசிக்கொண்டார்கள். மாராயியிடமே தாய்மார்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து விட்டார்கள், வேறு ஆள் இல்லை. கொட்டகையில் சத்தம் அதிகமாக இருப்பதாகத் தொழிற்சாலைக்காரர் குறைப்பட்டதாகக் கேள்வி.

எனக்குத்தான் தூங்குகிற குழந்தையைப் பார்த்தால் கை உள்ளங்காலுக்குப் போகும். பஸ்ஸில், யார் மடியில் இருந்தாலும். இரண்டு தாய்மார்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

பேச்சி வரும்போதெல்லாம் மருந்துக்கு முன்னால் ஒன்று கேட்பாள். “பதில் வந்துச்சாம்மா?” முதல் வருடம் கேட்டாள். பையன் பிறந்து, அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் கேட்டாள். மாராயி ஊரோடு போய்விட்ட பிறகும் கேட்டாள். கோபமாகக் கேட்டதே இல்லை. பஸ் வந்துச்சா என்று கேட்கிற குரல். நினைவூட்டுக் கடிதங்கள் நான்கு போட்டேன். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். புது டாக்டர், “எந்தக் கடிதம்?” என்றார்.

கடைசியில் பதில் வந்தது. நான்கு வரி. பொருள்: இருமல் கலவை தொடர்பாக. பார்வை: தங்கள் கடிதம். “மேற்படி பொருளில் ஏற்கெனவே தெளிவான விதி நடைமுறையில் உள்ளது. உயிர்ச்சேதம் ஏதும் நேர்ந்ததாகத் தங்கள் கடிதத்தில் குறிப்பிடப்படாததால், மேல் ஆணை தேவையில்லை எனக் கருதி இக்கோப்பு முடிக்கப்படுகிறது.”

சரியான பதில். நான் அனுப்பிய கடிதத்துக்கு வேறு பதில் எழுத முடியாது.

விஷப் பதிவேட்டுக்கென்று வைத்திருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். தாளின் ஓரத்தில், ஆறு வருடத்துக்கு முன் அடிபட்ட பத்தியை அப்படியே எழுதினேன். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, ‘காரணம்’ என்று முடித்தேன். கையெழுத்துப் போட்டு, புது டாக்டரின் மேஜையில் வைத்து, இதை மறுபடி மேலே அனுப்ப வேண்டும் என்றேன். வேலை போகுமா என்று யோசித்தேன். போனால் போகட்டும் என்று தோன்ற எனக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் ஜன்னலுக்குத் திரும்புவதற்குள் பேச்சி வந்துவிட்டாள். பையனுக்குச் சளி. ஜன்னலில் முகத்தை வைத்து, “பதில் வந்துச்சாம்மா?” என்றாள்.

உள்ளே வரச் சொல்லி, டாக்டர் மேஜையிலிருந்த தாளை எடுத்துவந்து காட்டினேன். எழுத்துத் தெரியாது. மேலிருந்து கீழே பார்த்தாள், ஓரத்துக்கு வந்தாள்.

“செவப்பா இருக்கே, இதுவாம்மா அது பேரு?”

“அதுதான். முத்துமாரி.”

விரலை அதன் மேல் வைத்தாள். மை இன்னும் முழுக்கக் காயவில்லை, நுனியில் ஒட்டிக்கொண்டது. துடைக்காமல் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டர் அறை வரிசையில் போய் நின்றாள்.

அந்தப் பெயருக்குக் கீழே, அலுவலக வழக்கப்படி, கடிதம் பெற்ற தேதியை எழுதினேன்: டிசம்பர் 3, 1985, செவ்வாய்க்கிழமை.